ஏழு மலை ஏறும் பிள்ளைக்குக் கீழே நின்று துணை செய்வது எப்படி

எங்கள் அக்கா மகள் பாப்பாவுக்கு ஐந்து மலை முடிந்துவிட்டது. தஹான், கொர்பு, காயோங், யோங் பெலார், கடைசியாக யோங் யாப். இன்னும் சாமாவும் உலு செப்பாட்டும் பாக்கி. சுங்கை சிப்புட்டில் என் மோட்டார் பட்டறைக்கு டயர் மாற்ற வருகிறவர்கள்கூட இப்போது, "நம்ம பையனும் மலைக்குப் போறேன்னு நிக்கிறான், அண்ணே. நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு பதில் சொன்னால் பாதிதான் வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், பிள்ளை என்ன செய்கிறது என்பதை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். "எங்கயோ மலைக்குப் போயிருக்கா" என்று சொல்கிற வீட்டில் அந்தப் பிள்ளைக்குப் பேச ஆள் இருக்காது. தீபகற்ப மலேசியாவில் 7000 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 2134 மீட்டருக்கு, மேலே உள்ள மலைகள் ஏழு. மலை ஏறுகிறவர்கள் இவற்றை ஜி-7 என்பார்கள். தஹான் 2187 மீட்டர், கொர்பு 2183, யோங் பெலார் 2181, காயோங் 2173, சாமா 2171, யோங் யாப் 2168, உலு செப்பாட் 2161. மூத்ததற்கும் கடைசிக்கும் வித்தியாசம் வெறும் 26 மீட்டர். தஹான் மட்டும் தனியாகத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. மற்ற ஆறும் தித்திவங்சா மலைத்தொடரில். இப்படி உயரத்துக்கு ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலே உள்ளதையெல்லாம் ஏறி முடிக்கிற ஆசை நம் நாட்டில் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை சர் ஹியூ மன்ரோ என்பவர் 1891இல் பட்டியல் போட்டார். இன்றைய கணக்கில் அவை 282. அத்தனையையும் முடிக்கப் பல ஆண்டு எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு மலையாக ஏறி இறங்குவது ஒரு வகை. அதைவிடக் கடினமானது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முகட்டு வழியாகவே நடப்பது. பாப்பா செய்தது அதுதான். உலு கிந்தா பக்கம் ஏறி, கொர்பு, காயோங், யோங் பெலார் மூன்றையும் தொட்டு, லோஜிங் பக்கம் இறங்க வேண்டும். நாலைந்து நாள். வரைபடத்தில் விரலால் அளந்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். மேலே போனவர்களுக்குத்தான் தெரியும். பாசி மூடிய வேர்கள் வலை மாதிரிப் பின்னிக் கிடக்கும். கால் வைத்தால் தொடை வரைக்கும் உள்ளே போகும். மரத்துக்குக் கீழே குனிந்து, மரத்துக்கு மேலே ஏறி, சில இடத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல நடை. இது தெரிந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே, போயிடு" என்ற வார்த்தை உங்கள் வாயில் வராது. அங்கே நிற்கிறவளுக்கு அந்தக் கொஞ்ச தூரம் நாலு மணி நேரம்.

எனக்கு இது தெரிந்ததற்குக் காரணம், நானும் ஏறியவன். 1997 மே 23ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் மலேசியர்கள், இரண்டு பேரும் நம்மவர்கள். அப்போது எனக்கு 24 வயது, தோட்டத்து லயத்தில்தான் இருந்தோம். அந்த வருஷத்திலிருந்து மலைப் பைத்தியம் பிடித்தது. நான்கு மலை முடித்தேன். ஐந்தாவது யோங் யாப். பாதி வழியில் முட்டி போய்விட்டது. நான் திரும்பி வந்த அன்று வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா மட்டும், "மலையில என்ன இருக்கு?" என்றார். அந்த ஒரு கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது. பாப்பாவுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் நான் இதிலே இறங்கினேன்.

போவதற்கு மூன்று மாதம் முன்னாலிருந்தே உங்கள் வேலை தொடங்கிவிடுகிறது. பாப்பா ஈப்போவில் தாதி, ஷிப்டு வேலை. ஓய்வு நாளில் மெங்லெம்புவில் இருக்கும் கிளெடாங் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். முதுகுப் பையில் பத்து கிலோ அரிசி மூட்டையை அப்படியே இறக்கிவிடுவோம். அவள் ஏறுவாள். நான் அடிவாரத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பேன். கைபேசியில் நேரம் பார்ப்பேன், ஆனால் சொல்ல மாட்டேன். அவளே கேட்டால் மட்டும் சொல்வேன். போன வாரத்தைவிட ஐந்து நிமிஷம் கூடிப்போயிருந்தால் அது அவளுக்கே தெரியும். இரவு வேலை பார்த்துவிட்டு வந்து ஏறுகிறவளிடம் நாம் கடிகாரத்தைக் காட்டக் கூடாது.

சாமான் வாங்கித் தருவதில் பாசத்தைக் காட்டாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த டின் சார்டின் நாலும் இரண்டு கிலோவுக்குப் பக்கம். அதை அவள் முட்டிதான் சுமக்கும். எங்கள் வீட்டில் செய்து கொடுப்பது நெத்திலியும் கடலையும் கருவேப்பிலையோடு மொறுமொறுவென்று வறுத்தது, கொஞ்சம் இட்லிப் பொடி, பேரீச்சம்பழம், மைலோ பாக்கெட். தேங்காய் சேர்த்தது எதுவும் வேண்டாம், மறுநாளே கெட்டுவிடும். புளிச்சாதம் முதல் நாள் மத்தியானத்துக்கு மட்டும். உப்புச் சர்க்கரை கலந்த பவுடர் பாக்கெட், கிளினிக்கில் தருவார்களே, அது நாளுக்கு ஒன்று. காலுக்கு அவள் போடுவது கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லாரும் சொல்வது. எங்கள் அம்மா ரப்பர் பால் வெட்டப் போகும்போது போட்டதும் அந்த மாதிரிதான். சேற்றில் பிடிக்கும், தண்ணீர் வடிந்துவிடும், விலையும் குறைவு.

ஒரு பொருளுக்கு மட்டும் எடை பார்க்காதீர்கள்: இரவுக்கு நனையாத ஒரு செட் துணி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். இங்கே சுங்கை சிப்புட்டில் 32 என்றால் உச்சியில் பகலிலேயே 20க்குப் பக்கத்தில் வந்துவிடும். ராத்திரி மழையும் காற்றும் சேர்ந்தால் நம் நாட்டிலும் குளிரில் உடம்பு விறைத்துப்போகும். "மலேசியாவுல என்ன குளிர்" என்று சொல்கிற மாமா வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைப் பிள்ளை கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அம்மா. மலை ஏறுகிற பிள்ளைக்குத் துணை நிற்பதில் பாதி வேலை அதன் அம்மாவுக்குத் துணை நிற்பது. எங்கள் அக்காவுக்குக் காடு என்றாலே ஆகாது. அது அவர் தப்பு இல்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதோடு அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. எங்கள் பாட்டிக்குக் காடு என்றால் துப்பாக்கி, ஊரடங்கு, முள்கம்பி. "காட்டுப் பக்கம் போவாத" என்ற வார்த்தை பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் வந்துவிட்டது. அதை "பயப்படாத அக்கா" என்று ஒரே வரியில் துடைக்க முடியாது.

நான் செய்தது இதுதான். புறப்படும் நாளில் அக்காவையும் வேனில் ஏற்றிக்கொண்டு உலு கிந்தாவுக்குப் போனேன். கூட்டிப்போகிற மலை வழிகாட்டியை, மாலிம் என்பார்கள், அக்கா நேரில் பார்த்தார். அவர் ஒவ்வொருவர் பையாகத் திறந்து பார்த்ததையும், வனத்துறை பெர்மிட்டை எடுத்துக் காட்டியதையும், பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணியதையும் அக்கா ஓரமாக நின்று கவனித்துக்கொண்டே இருந்தார். பிறகு கிட்டே போய், "தம்பி, எம்மவ கொஞ்சம் வேகமா நடப்பா, பாத்துக்கோங்க" என்று மலாயில் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, "நான் கடைசியில்தான் நடப்பேன், அம்மா. யாரும் எனக்குப் பின்னால் இருக்க மாட்டார்கள்" என்றார். அந்த ஒரு பதிலில் அக்கா அன்று ராத்திரி தூங்கினார். உங்கள் வீட்டு அம்மாவுக்கும் இடத்தைக் காட்டுங்கள், ஆளைக் காட்டுங்கள். பார்க்காத காடுதான் பெரிய காடு.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், எந்த ராத்திரி எந்த முகாம், மாலிமின் கைபேசி எண், கூடப் போகிற இரண்டு பேருடைய வீட்டு எண், அவளுடைய இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து. தாளின் கீழே இரண்டு நேரம் எழுதுங்கள். முதலாவது, அவள் வெளியே வந்துவிடுவாள் என்று நினைக்கிற நேரம். இரண்டாவது, அதுவரைக்கும் ஒரு சேதியும் இல்லாவிட்டால் நாம் போன் எடுக்க வேண்டிய நேரம். இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் முதல் நேரம் மாலை ஐந்து என்றால் இரண்டாவது மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு. அதை மாலிமிடம் கேட்டுத்தான் வைத்தோம்.

ஏன் அவ்வளவு இடைவெளி என்று அக்கா கேட்டார். ஆறு இருக்கிறதே, அதனால்தான். மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சுவர் மாதிரி இறங்கும். கெப்பாலா ஆயர் என்று நம் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். நல்ல மாலிம் என்றால் ஆள்களைக் கரையில் உட்கார வைத்துவிடுவார். இரண்டு மணி நேரமோ, ஒரு ராத்திரியோ, தண்ணீர் வடிகிற வரைக்கும். "அம்மா காத்துக்கிட்டு இருக்கும், ஆறு மணிக்குள்ள வந்துடுறேன்னு சொன்னேன்" என்ற நினைப்பில் பிள்ளை தண்ணீரில் காலை வைத்துவிடக் கூடாது. அதனால் போகும்போதே அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்: "லேட்டா வா, பரவாயில்ல. நாங்க அங்கேயே இருப்போம்." அவளும் வேலைக்குத் திரும்புகிற நாளுக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விட்டு லீவு எடுக்க வேண்டும்.

இரண்டாவது நேரமும் தாண்டிவிட்டதா? முதலில் மாலிமின் எண், அடுத்தது கூடப் போனவர்களின் வீடு, அதற்கும் விடை இல்லை என்றால் 999. கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் "காணவில்லை" என்று போட்டு ஊரைக் கூட்டாதீர்கள்.

அவள் மேலே இருக்கும் நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். காட்டுக்குள் லைன் கிடையாது. முகட்டில் சில இடத்தில் ஒன்றிரண்டு கோடு வரும். கையைத் தூக்கிப் பிடித்து நின்றால் ஒரு செய்தி போகும். அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் கைபேசிக்குள் சித்தியிடமிருந்து நாற்பது, அத்தையிடமிருந்து இருபது என்று கேள்வி வந்து விழுந்தால், பேட்டரியும் போகும் மனசும் போகும். எங்கள் குடும்பத்தில் பேசிவைத்துவிட்டோம். அவளுக்குச் செய்தி அனுப்புகிறவன் நான் ஒருவன். மற்றவர்கள் என்னிடம் கேட்கலாம். நான் அனுப்புவதும் நாளுக்கு ஒன்று, கேள்விக்குறி இல்லாமல். "அம்மா நல்லா இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல மழைன்னு காட்டுது. உன் மோட்டாருக்கு ஆயில் மாத்திட்டேன்." இவ்வளவுதான். எனக்கு அவள் பதில் எழுத வேண்டியதே இல்லை. வீடு வீடாகவே இருக்கிறது என்று தெரிந்தால் அவள் கவனம் அவள் காலில் இருக்கும்.

சிலர் சாட்டலைட் கருவி கொண்டு போகிறார்கள். அவர்கள் நடக்க நடக்க நம் திரையில் ஒரு புள்ளி நகரும். இருந்தால் நல்லதுதான். ஆனால் அடர்ந்த மரத்துக்குக் கீழே அதற்கு வானம் தெரியாது, செய்தி தங்கித் தங்கித்தான் வரும். புள்ளி மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது என்று அக்கா அழுத அன்று, அவள் அங்கே மேகி கிண்டிக்கொண்டிருந்தாள். புள்ளியைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பாருங்கள். நடுவில் வேறு வேலை செய்யுங்கள்.

இப்போது நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று மலை வழியை அவள் முதல் தடவை முயன்றபோது, லோஜிங் பக்கம் இறங்குவாள் என்று நான் முதல் நாளே சிம்பாங் பூலாய் பாதையில் ஏறி அங்கே போய்க் காத்திருந்தேன். வேனில் கேக் வைத்திருந்தேன். துணியில் அவள் பெயர் எழுதி, கீழே மூன்று மலையின் பெயரையும் உயரத்தையும் எழுதியிருந்தேன். காலையில் செய்தி வந்தது: "மாமா, காயோங்கோட திரும்பிட்டேன். உலு கிந்தா வழியா இறங்குறேன். சாரி மாமா." இரண்டு ராத்திரி விடாத மழை, கூட வந்தவருக்குக் காய்ச்சல், அவரோடு அவளும் திரும்பிவிட்டாள். நான் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன், அவள் இந்தப் பக்கம் இறங்குகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தேன். எனக்கு முன்னாலேயே அவள் வெளியே வந்து, நனைந்த துணியோடு ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் விரல்களை இன்னும் மறக்கவில்லை. மூன்று நாள் நனைந்து வெளுத்து, நுனியெல்லாம் சுருங்கி, ஊறப்போட்ட கடலை மாதிரி இருந்தன. கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்து கோடாக இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பின் கதவைத் திறந்தேன், காய்ந்த துண்டு எடுக்க. துணியில் எழுதின எழுத்து அவள் கண்ணில் பட்டுவிட்டது. யோங் பெலார் 2181 என்று பெரிதாக. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துணியை மெதுவாக மடித்து சீட்டுக்குக் கீழே வைத்தாள்.

நான் எழுதியது என் ஆசை. என் முட்டியால் முடியாமல் போனதை அவள் முதுகில் ஏற்றிவிட்டேன். காயோங் வரைக்கும் போனது 2173 மீட்டர். காய்ச்சலோடு இருக்கிற ஒருவரோடு திரும்பி நடந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது அதைவிடப் பெரிய காரியம். ஆனால் என் துணி அவளைத் தோற்றவளாக்கிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு வழக்கம். ஒன்று, திரும்பி இறங்கினால் எந்த வழி, அங்கே யார் வருவது என்பதையும் தாளில் எழுதுவோம். அக்காள் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரும்பி வருவதற்கும் ஒரு வாசல் இருக்கிறது, அங்கேயும் ஆள் நிற்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை நேரத்தில் திரும்பும். இரண்டு, உச்சி தொட்டாலும் தொடாவிட்டாலும் வேனில் அதே சாப்பாடு. சூடான ரசம் பெரிய பிளாஸ்க்கில், குழைந்த சோறு, பொரித்த கருவாடு, பால் சேர்க்காத தே ஓ. கேக் கிடையாது. பார்த்ததும் நான் கேட்பது, "கால் எப்படி இருக்கு?" அவ்வளவுதான். உச்சி தொட்டாளா என்பதை அவளாகச் சொல்லட்டும். இரண்டாவது தடவை லோஜிங் பக்கம் இறங்கியபோது, இரண்டு கோப்பை ரசம் குடித்து முடித்துவிட்டுத்தான், "மூணும் முடிஞ்சிடுச்சு மாமா" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாள்காட்டியில் அவள் இறங்கிய தேதியை வட்டம் போடுங்கள். ஒரு மாதம் வரைக்கும் காய்ச்சல் வந்தால், சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுப் படுக்க விடாதீர்கள். ஆற்றிலும் சேற்றிலும் நடந்தவர்களுக்கு எலி மூத்திரக் காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காட்டும், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். நம் காடுகளில் குரங்கிடமிருந்து கொசு வழியாக வருகிற மலேரியாவும் இருக்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும், அதனால் வேகமாக முற்றும். கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே, "போன வாரம் காட்டுல இருந்தேன், ஆத்துத் தண்ணியில நடந்தேன்" என்று இருக்க வேண்டும். டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாப்பா தாதியாக இருந்தும் அவளுக்கே இதை நான் நினைவுபடுத்துகிறேன். களைப்பில் இருக்கிறவர்களுக்குத் தங்கள் உடம்பு கடைசியாகத்தான் நினைவுக்கு வரும்.

"அடுத்தது எப்ப?" என்றும் கேட்காதீர்கள். நகம் கறுத்துப்போய் இருக்கும், தோள்பட்டையில் பை வார் அழுத்திய தழும்பு இருக்கும். அந்த நேரத்தில் அடுத்த மலை பெயரை எடுக்க நமக்கு உரிமை இல்லை. அவள் சப்பாத்தை நான் வாங்கிக் கழுவி, உள்ளே நாளிதழைத் திணித்து, வேலியில் கவிழ்த்து வைப்பேன். தானாகப் போய் அவள் அதை எடுக்கிற நாள் வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

யோங் யாப்புக்கு அவள் போனது கோலா மூ வழியாக. நம் ஊரிலிருந்து லாசா தாண்டி நாலு சக்கர வண்டியில் உள்ளே போகிற பாதை. என் முட்டி போன மலை அதுதான். போவதற்கு முந்தின ராத்திரி வந்து, "மாமா, உங்களுக்கு மேலருந்து என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன், உண்மையாகவே. அவள் திரும்பி வந்து ரசம் குடித்துக்கொண்டே எனக்குச் சொன்னது, நான் எந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேனோ அந்த ஏற்றத்தைப் பற்றி. அங்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கிறதாம், பாதை இப்போது அதைச் சுற்றிப் போகிறதாம். நான் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை பட்டறை சாத்தும் நேரத்தில் அக்கா போன் செய்தார். சந்தைக்குப் போனால் நெத்திலி அரைக் கிலோ வாங்கி வரச் சொன்னார், தலை கிள்ளாதது போதும், அவரே கிள்ளிக்கொள்வாராம். எதுக்கு அக்கா என்றேன். வேலியிலிருந்து சப்பாத்தை எடுத்துவிட்டாள் என்றார்.